செட்டிநாட்டில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெண்ணைத் தெருவில் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் உங்கள் வீட்டில் ஒரு பிரெஞ்சுப் பெண் சில மாதங்களாகத் தங்கி, பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளத்தூர் வரை சைக்கிளில் போய்வருகிறார். பைக்கில் வரும் பையன்கள் விசில் அடிக்கிறார்கள், "ஹாய் பேபி" என்று கத்துகிறார்கள், தமிழில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். "கண்டுக்காதீங்க" என்று நீங்கள் சொன்னதற்கு அவர் முகம் சுண்டிவிட்டது. போலீசுக்குப் போகலாமா, போனால் அவர் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பையன் வீட்டில் போய்ச் சொல்லலாமா, சைக்கிளை நிறுத்தச் சொல்வதா என்ற இரண்டும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. நான் பெண்கள் தொடர்பான வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர். சட்டம் உறுதியாகச் சொல்வது எது, காவல் நிலையத்தையும் ஊரையும் பொறுத்து மாறுவது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

"கண்டுக்காதீங்க" என்பது அந்த ஒரு நிமிடத்துக்குச் சரியான யோசனை. ஓடுகிற பைக்கில் மூன்று பேர் இருக்கும்போது தனியாக ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி வாதம் செய்வதில் லாபம் இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்து சொல்கிறவரிடம் அதையே பதிலாகக் கொடுத்தால், இது இங்கே வழக்கம், நீ பழகிக்கொள் என்றுதான் அவர் காதில் விழும். இன்னொன்றையும் கவனியுங்கள். தெருவில் பெண்ணைப் பார்த்து ஆபாசமாகக் கத்துவது அவர் நாட்டிலும் உண்டு. அதைத் தண்டிக்க அங்கே 2018 ஆகஸ்டில் தனியாகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அப்போது அதற்கு 750 யூரோ வரை அபராதம் வைத்தார்கள். அதனால் நடந்தது என்ன வகை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். "உங்க ஊர்ல இதெல்லாம் சகஜமாச்சே" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள். "நிஜமா உங்களைத்தான் சொன்னானா?" என்ற கேள்வியும் வேண்டாம். ஊர் மானத்தைக் காப்பாற்றும் வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு முகத்தைப் பார்த்து நம் ஊரில் எழும் சத்தம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. இதை அவருக்கு நீங்கள்தான் பிரித்துக் காட்ட முடியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் "ஹலோ, வாட் இஸ் யுவர் நேம்?" என்று கத்திக்கொண்டே கூட ஓடுவது வேடிக்கை. எந்த நாடு, கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்று திண்ணையில் இருக்கிற ஆச்சி கேட்பது அக்கறை கலந்த விசாரணை; அவருக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் ஆபத்து இல்லை. ஆட்டோக்காரரும் கடைக்காரரும் கூப்பிடுவது வியாபாரம். செல்ஃபி கேட்பது வேடிக்கைக்கும் தொல்லைக்கும் நடுவில் நிற்கிறது. வேண்டாம் என்றதும் விட்டுவிட்டால் சரி. வேண்டாம் என்ற பிறகும் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டால் அது வேறு. நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது: இதே வார்த்தையை அந்தப் பையன் தன் அம்மா நிற்கும்போது சொல்வானா? மாட்டான் என்றால் அவனுக்கே தெரிந்துதான் செய்கிறான். சும்மா உற்றுப் பார்ப்பதில்தான் எல்லை மங்கலாகிறது. ஊரில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். தெருவில் நின்று பார்த்ததை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கடினம். அவருக்கு மொழி தெரியாததால் சில சமயம் சாதாரணப் பேச்சையும் தப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் குரலும் சிரிப்பும் சைகையும் எந்த மொழியிலும் புரியும். பத்தில் ஒன்று தவறாகப் புரிந்துகொண்டது என்பதற்காக மற்ற ஒன்பதையும் தள்ளிவிடாதீர்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்வின் பாதி அதில் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் நேர்நேரான நீளத் தெருக்கள். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அதனால் ஒரு பக்கம் முகப்பு வரிசை, மறுபக்கம் வெறும் பின்சுவர் என்று அமைந்த தெருக்கள் பல. பெரிய வீடுகளில் பலவும் வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும், படைப்பு என்கிற முன்னோர் வழிபாட்டுக்கும்தான் திறக்கிறார்கள். பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அந்தத் தெருக்களில் காக்கா கூடக் கத்தாது. பைக்கில் சுற்றுகிறவனுக்கு அது வசதி: பார்க்கிற கண் இல்லை, தெரு நேராக இருப்பதால் வேகமாகப் போய்விடலாம். அந்தப் பெண்ணுக்கோ வேலையே அந்தப் பூட்டிய வீடுகளின் முன்னால்தான். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பாதுகாப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே அது தலைகீழ்.

ஆகவே முதல் வேலை, கண்களை உண்டாக்குவது. ஒரு நாள் காலையில் அவரோடு நீங்களோ வீட்டுப் பெண்களோ அவர் வழக்கமாகப் போகும் வழியில் நடந்தே போங்கள். பூட்டிய வீடுகளின் காவல்காரர்கள், பூக்காரம்மா, டீக்கடை, மளிகைக்கடை, ஆட்டோ நிறுத்தத்தில் வயதில் மூத்த ஒருவர், கோயில் குருக்கள் என்று ஆறேழு பேரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். இன்னார் வீட்டு விருந்தாளி, இன்ன வேலையாக வந்திருக்கிறார், ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று விலாசத்தோடு சொல்ல வேண்டும். "ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு" என்று இருக்கும்வரை பையன்களுக்குத் துணிச்சல். இன்ன வீட்டு விருந்தாளி என்று ஆனதும் அது பாதியாகக் குறையும். எல்லாப் பையன்களிடமும் இது வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வந்து போகிறவனுக்கு உங்கள் விலாசம் ஒன்றும் இல்லை. நேரத்தையும் கொஞ்சம் மாற்றலாம்: அளவெடுக்கும் வேலையைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடித்துக்கொண்டால் தெருவில் ஆளும் இருக்கும், வெயிலும் படுத்தாது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்தக் கடைகளை ஒட்டிய பாதையை 12 மணிக்கு மேல் தவிர்ப்பது நல்லது. சாயங்காலம் ஊருணிக் கரையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பையன்களைத் தாண்டிப் போவதற்குப் பதில், திறந்த வீடுகள் உள்ள அடுத்த தெருவைக் காட்டிக்கொடுங்கள். இவை அவருடைய கடமைகள் இல்லை, வசதிக்கான யோசனைகள் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் 3 மணிக்குத்தான் போவேன் என்றால் போகட்டும். குற்றம் அப்போதும் கத்துகிறவனுடையதுதான்.

நடக்கிற கணத்தில் என்ன செய்வது? பைக் கடந்துபோய்விட்டால் நிற்காமல் தொடரலாம். திரும்பி வந்து இரண்டாம் முறை சுற்றினால் அது தற்செயல் இல்லை. உடனே திறந்திருக்கிற அருகிலுள்ள கடைக்கோ வீட்டுக்கோ போய்விட வேண்டும். "ஆச்சி, ஒரு பையன் பின்னாடியே வர்றான்" என்ற ஒரே வாக்கியத்தைத் தமிழில் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். எந்த வீட்டு வாசலிலும் அது கதவைத் திறக்கும். இரண்டாவதாக, "யாருப்பா நீ? எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்று சத்தமாகக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். நம் பக்கத்தில் ஒரு பையனைக் கூச வைக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது, அதுவும் தமிழ் தெரியாது என்று நினைத்தவர் வாயிலிருந்து வந்தால். ஆனால் இதற்கு நிபந்தனை உண்டு: சுற்றி ஆட்கள் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவன் குடித்திருக்கக் கூடாது. ஆள் இல்லாத தெருவில் எதிர்த்துப் பேசுவது, கெட்ட வார்த்தை சொல்வது, நடுவிரலைக் காட்டுவது மூன்றும் வேண்டாம். கெட்ட வார்த்தையைக் கேட்டால், கூட்டமாக வருகிறவர்கள் ஒருவனுக்கு முன் ஒருவன் வீரம் காட்டத்தான் பார்ப்பார்கள். சிரித்துச் சமாளிப்பதும் வேண்டாம். "அண்ணா" என்று கூப்பிட்டால் மனம் மாறிவிடுவான் என்று சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவசரம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. பயணிகளுக்கான 1363 எண்ணில் பிரெஞ்சு உட்படப் பல வெளிநாட்டு மொழிகளில் பேசலாம், ஆனால் அது தகவலுக்கும் வழிகாட்டலுக்குமே. போலீஸ் வண்டி வர 112தான். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பதிவுசெய்து வையுங்கள். நடுத்தெருவில் நின்று ஓ.டி.பி.க்குக் காத்திருக்க முடியாது.

பதிவு செய்வதில்தான் பெரும்பாலான புகார்கள் தோற்கின்றன. வண்டி எண்ணை முழுசாகப் பிடிக்க முடியாது. கடைசி நாலு இலக்கம் போதும், கூடவே வண்டியின் நிறம், பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். சிவகங்கை மாவட்ட வண்டி என்றால் டி.என். 63, புதுக்கோட்டை என்றால் டி.என். 55 என்பதைச் சொல்லிவைத்தால் மீதியைக் கவனிக்க எளிது. வார்த்தை புரியாவிட்டால், காதில் விழுந்த ஒலியை அப்படியே அலைபேசியில் குரல்பதிவாகச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், அதே அரை மணிக்குள். அதை நீங்கள் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். எழுதும்போது கூச்சப்பட்டு "தப்பாப் பேசினான்" என்று மழுப்பாதீர்கள். எந்த வார்த்தை என்பதை வைத்துத்தான் எந்தப் பிரிவு என்று முடிவாகும். தேதி, மணி, எந்த வீட்டுக்கு எதிரில், யார் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் வரிசையாக வரட்டும். வழியில் கடையிலோ வீட்டிலோ கேமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். பழைய பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதியது ஏறிவிடும். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் வெட்டாமல், ஒட்டாமல் அதே கருவியில் மூலக்கோப்பாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது சுருங்கிப் போன நகல். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள், அப்போது மூலக்கருவி தேவைப்படும்.

சட்டத்துக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று பிரிவுகள் இதற்குப் பொருந்தும். பாலியல் நோக்கிலான வார்த்தைகளைப் பெண்ணிடம் சொன்னால் 75ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், ஒலி, சைகை எதுவாக இருந்தாலும் 79ஆம் பிரிவு: மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். விசில் 'ஒலி'க்குள் வந்துவிடும். விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றால் 78. முதல் முறை மூன்றாண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை. கை பட்டுவிட்டால் கதையே வேறு. கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கில் பலவந்தம் என்று 74ஆம் பிரிவு, குறைந்தது ஓராண்டு. இவை தவிர, தமிழ்நாட்டுக்கென்றே பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; தெரு, பேருந்து நிறுத்தம், கோயில், திருவிழா நடக்கும் இடம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. அதன் தண்டனையைக் கூட்டும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. இந்தச் சட்டங்கள் எதுவும் பெண் இந்தியரா என்று கேட்பதில்லை. இந்த மண்ணில் நடந்தது என்பது போதும். இவ்வளவும் உறுதி. உறுதியில்லாதது எது என்றால், ஒரே ஒரு "ஹாய் பேபி"யை வைத்து 79 நிற்குமா என்பது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "வரவேற்பு சொன்னான்" என்பார். அதுவே ஆபாசச் சைகையோடு, அல்லது மூன்று நாள் ஒரே பையன் ஒரே இடத்தில் என்றால் நிலைமை மாறும். அந்த நோட்டு அதற்காகத்தான்.

பேருந்தில் நடந்தால் வழி இன்னும் சுலபம், ஆனால் யாரும் பயன்படுத்துவதில்லை. பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால், வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநர், நடத்துநர் கடமை என்று 1998 சட்டமே சொல்கிறது. 2022இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, பெண் பயணிகளை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எச்சரித்தும் கேட்காதவனை இறக்கிவிடும் பொறுப்பை நடத்துநருக்குக் கொடுத்தார்கள். காரைக்குடிப் பேருந்தில் ஏறும்போது அவர் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்காரட்டும், தொந்தரவு என்றால் "கண்டக்டர் சார்!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டால் போதும். கூட்டம் நெரியும் நாட்கள் தனி ரகம். பிள்ளையார்பட்டி சதுர்த்தி, சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி நாளில் வாய்ப்பேச்சைவிடக் கை நீள்வதுதான் அதிகம். அங்கே நாலு பெண்களோடு போவதே நல்லது.

புகார் கொடுப்பது எப்படி? எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. நடைமுறையில் செட்டிநாடு காவல் நிலையம் பக்கம், காரைக்குடியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. மகளிர் நிலையத்தில் பெரும்பாலும் குடும்பத் தகராறுகள் குவிந்திருக்கும். தெருவில் சுற்றுகிற பையனை அடையாளம் காண உள்ளூர் நிலையத்து ஏட்டுக்குத்தான் வேகம் அதிகம். இந்தப் பிரிவுகளில் புகார் சொல்லும் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் பதிய வேண்டும். உள்ளூரில் பெண் காவலர் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லலாம். புகாரை அவர் ஆங்கிலத்திலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். நீங்கள் தமிழில் எழுதி அவர் புரியாமல் கையெழுத்துப் போடுவது பின்னால் குறுக்கு விசாரணையில் உதைக்கும். மொழிபெயர்க்க உட்கார்கிறவர் நீங்கள் என்றால், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நம்மவர்கள் நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல் இங்கேதான் நடக்கிறது: எஸ்.ஐ. ஒன்று கேட்பார், அவர் நாலு வாக்கியம் சொல்வார், மொழிபெயர்ப்பவர் "பரவாயில்லைங்கிறாங்க சார்" என்று முடித்துவிடுவார். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்கிற ரசீது தருவார்கள், அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் நகல் இலவசம். மூன்றாண்டு தண்டனை உள்ள பிரிவு என்பதால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு; அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம், தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பதியவே மாட்டேன் என்றால் சிவகங்கை எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதன் பிறகு நீதித்துறை நடுவர். பெண் என்ற ஒரே தகுதியில் இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் பார்ப்பதில்லை, எண் 15100.

விசா பற்றிய பயம் பாதி தேவையற்றது. புகார் கொடுப்பதால் யாருடைய விசாவும் ரத்தாவதில்லை. ஆனால் காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். சுற்றுலா விசாவில் வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால், 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தும் பதிவு செய்யாமல் இருந்தால், அது தனிச் சிக்கலாகக் கிளம்பும். அதைவிட, உங்கள் பக்கம் பாருங்கள்: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கவைக்கிறவர் கொடுக்க வேண்டிய, சி படிவம் என்று எல்லாரும் சொல்கிற அந்தத் தகவலை இணையத்தில் ஏற்றியிருக்கிறீர்களா? வீட்டில் தங்கவைத்திருக்கிறவர்கள் "போலீஸ் எதுக்கு" என்று இழுப்பதன் உண்மையான காரணம் பலமுறை இதுதான். அதை ஒழுங்குசெய்துவிட்டுப் பேசினால் குரலில் தயக்கம் இருக்காது. பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் புதுச்சேரியில் துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் வழக்கை நடத்த மாட்டார்கள், காவல்துறைக்கு உத்தரவு போடவும் முடியாது. வழக்கறிஞர் பட்டியல், குடும்பத்துக்குத் தகவல் போன்றவற்றில் உதவுவார்கள்.

பையன் யார் என்று தெரிந்துவிட்டால் அவன் வீட்டில் போய்ச் சொல்வதா என்பதுதான் உள்ளூரில் பெரிய கேள்வி. வெறும் வார்த்தை, முதல் முறை, இளவயது, அந்தப் பெண்ணுக்கும் சம்மதம் என்ற நான்கும் சேர்ந்தால் இது பெரும்பாலும் வேலை செய்கிறது, போலீசைவிட வேகமாக. கை பட்டிருந்தால், பின்தொடர்ந்திருந்தால், வீடு தெரிந்து வாசலில் வந்து நின்றால் இந்த வழி கிடையாது, நேரே புகார்தான். சொல்லப் போகும்போது பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு போகாதீர்கள். பையனின் அப்பாவோ அம்மாவோ மதிக்கிற ஒருவர், கூட உங்கள் வீட்டிலிருந்து ஒருவர், போதும். அவர்கள் உங்கள் எதிரிலேயே பையனைப் போட்டு அடிப்பார்கள். அடிக்க விடாதீர்கள், அந்தப் பெண் அதைக் கேட்கவில்லை, அடி வாங்கியவன் கோபத்தை அவர் மேல்தான் காட்டுவான். அவர் நேரில் வந்து மன்னிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமும் செய்யாதீர்கள். மிக முக்கியமான எச்சரிக்கை, பையன் வேறு சமூகம் என்றால். "நம்ம வீட்டு விருந்தாளியை அவன் ஆளுக சொல்லிட்டாங்க" என்று ஒரு வாக்கியம் டீக்கடையில் விழுந்தால், விஷயம் அந்தப் பெண்ணை விட்டுப் போய்ச் சாதிச் சண்டையாகிவிடும். நம் மாவட்டத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வாசனை வந்தால் தெருப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எழுத்துப் புகாருக்குப் போய்விடுங்கள். பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் இந்த அளவுக் குற்றத்துக்குப் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, சிறார் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். அங்கே பள்ளித் தலைமையாசிரியரும் வீடும்தான் உண்மையான வழி.

அவன் படத்தை முகநூலில் போட்டுக் "கண்டுபிடியுங்கள்" என்று எழுதச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். சிறுவன் என்றால் அடையாளத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். மேலும், பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயரை மறைக்கச் சட்டம் தருகிற பாதுகாப்பு 75, 79 பிரிவுகளுக்கு அப்படியே கிடையாது. "வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தொல்லை" என்று ஒரு செய்தி வந்தால் அவர் பெயரும் உங்கள் வீட்டுப் படமும் சேர்ந்தே சுற்றும். அவருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே கருத்து எழுதியவர்கள் நாலு பேர் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். சுடிதாரும் துப்பட்டாவும் போட்டால் கோயிலுக்குள் போவது சுலபம், ஆச்சிகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், வெயிலுக்கும் நல்லது. பைக் பையன்களை அது நிறுத்தாது. காரைக்குடியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் சீருடையில் போகிற பள்ளிப் பெண்களும் இதையே கேட்டுக்கொண்டுதான் போகிறார்கள். அவர்கள் வீட்டில் சொல்வதில்லை, சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று. சைக்கிளை நிறுத்தச் சொல்வதும் அதே ரகம். துணைக்கு ஆள் அனுப்பலாம், நேரத்தை மாற்றலாம், ஒரு வாரம் ஆட்டோ ஏற்பாடு செய்யலாம், ஆனால் சைக்கிளை எடுக்காதே என்று நீங்கள் சொன்னால் தண்டனை அவருக்கு என்று ஆகிவிடும். வேறு ஊருக்கு மாறிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னால் தடுக்காதீர்கள், மனம் நோகவும் வேண்டாம். தூக்கம் வராமல், வெளியே வரவே பயந்து அறைக்குள் அடைந்துவிட்டால் அது என் துறை இல்லை; மனநல ஆலோசகர் வேண்டும், அவர் மொழியில் இணையவழியில் பேசக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அவர் மார்ச்சில் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் வழக்கு முடியாது. 75ஆம் பிரிவின் வார்த்தைக் குற்றத்துக்கு ஓராண்டுக்குள்ளும் 79க்கு மூன்றாண்டுக்குள்ளும் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்தாக வேண்டும் என்பது கால வரம்பு. அதனால் இன்னும் இரண்டு முறை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல், புகார் கொடுப்பது என்றால் அவர் இங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். சாட்சியத்தைக் காணொளி வழியாகப் பதிவு செய்ய இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. எந்த நீதிமன்றம் எவ்வளவு சுலபமாக அனுமதிக்கும் என்பது நேரத்துக்கு நேரம் மாறும். புகாரில் அவருடைய பிரான்ஸ் முகவரி, மின்னஞ்சல், அங்கே பயன்படுத்தும் கைப்பேசி எண் மூன்றும் இருக்கட்டும். சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். நகல்களை ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நிலவரத்தை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதைக் கேட்க நிலையத்துக்குப் போகப் போவது நீங்கள்தான்.